பால், பாலின அடையாளம், குணம்: வகுப்புக் குறிப்புக்கு உதவி தேவை

தெற்குமாசி (இழை தொடங்கியவர்)

வணக்கம். பள்ளி ஆலோசகர்களுக்கான வகுப்புக்குக் குறிப்பு தயாராகிறது. கிடைக்கிற பாடப்பொருள் எல்லாம் ஒரே பொம்மைப் படத்தைத்தான் போடுகிறது: தலையில் அடையாளம், நெஞ்சில் ஈர்ப்பு, இடுப்புக்குக் கீழே பால். வகுப்பில் எழும் முதல் கேள்விக்கே அந்தப் படம் தாங்காது. எனக்கு வேண்டியது மூன்று விளக்கங்கள்.

உடலின் பால் என்று எதைக் கணக்கில் எடுப்பது? குரோமோசோமா, உறுப்பா, ஹார்மோனா?

குணம், பழக்கம், விருப்பம் இவற்றுக்கும் பாலின அடையாளத்துக்கும் உறவு உண்டா?

"பொம்பளப் புள்ள மாதிரி நடக்குறான், கூப்பிட்டுப் பேசுங்க" என்று அனுப்பப்படும் எட்டாம் வகுப்புப் பையனிடம் ஆலோசகர் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

சண்டை வேண்டாம், ஆதாரம் போதும்.

சுரப்பி

முதல் கேள்விக்கு என் பதில். பால் என்பது ஒரே நாளில் முடிவாகிற விஷயம் இல்லை, அடுத்தடுத்து நடக்கும் கட்டங்கள். எந்தக் கட்டத்தில் தடங்கல் வந்தது என்பதைப் பொறுத்து உடல் மாறும்.

கருவின் ஆறாவது வாரம் வரை இனச்சுரப்பி இரண்டு பக்கமும் போகக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. ஒய் குரோமோசோமின் குட்டைக் கையில் எஸ்ஆர்ஒய் என்ற மரபணு இருக்கிறது (1990இல் லண்டன் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது). அது வேலை செய்தால் சுரப்பி விரையாகும். இல்லையென்றால் சினைப்பையாகும். விரையில் இரண்டு வகைச் செல்கள். ஒன்று சுரக்கும் ஹார்மோன் கருப்பையாக வேண்டிய குழாயைக் கரைத்துவிடும். இன்னொன்று எட்டாவது வாரத்திலிருந்து டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். வெளியுறுப்பு ஆணுறுப்பாக வேண்டுமென்றால் அது மட்டும் போதாது. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டி என்ற இன்னும் வலுவான ஹார்மோனாக மாற்றித் தர வேண்டும். அந்த டிஎச்டியை ஏற்றுக்கொள்ளும் ஏற்பியும் சரியாக இருக்க வேண்டும். ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. "ஆண்மைக்கு ஒய் போதும்" என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஏற்பி முழுவதும் செயலிழந்தால் அதற்குப் பெயர் ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) உணர்வின்மை. குரோமோசோம் 46,எக்ஸ்ஒய் (மொத்தம் 46, அதில் ஆணுக்கு வழக்கமான எக்ஸ்ஒய் இணை; பெண்ணுக்கு வழக்கமானது எக்ஸ்எக்ஸ்), உள்ளே விரை, கருப்பை கிடையாது, வெளித்தோற்றம் பெண். பருவத்தில் மார்பும் வளரும், ஏனென்றால் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. மாதவிலக்கு மட்டும் வராது. பலருக்கு அப்போதுதான் விஷயம் தெரியவரும்.

பெரும்பாலானோருக்கு எல்லாக் கட்டமும் ஒரே திசையில் போகிறது. அதனால்தான் ஒற்றைச் சொல்லில் 'பால்' என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்கிறோம். குறிப்பில் "பிறப்பில் பதிவான பால்" என்று எழுதுங்கள். பிரசவ அறையில் வெளியுறுப்பைப் பார்த்துப் பதிகிறார்கள், அவ்வளவுதான். குரோமோசோமை யாரும் பார்ப்பதில்லை.

மனக்கணக்கு

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். ஆண், பெண் குழுக்களின் சராசரியில் குண வேறுபாடு உண்டு. அதை மறைத்து வகுப்பு எடுத்தால் யாராவது ஒருவர் ஆய்வைக் காட்டி மடக்குவார், மீதி வகுப்பு அதோடு போச்சு. இணக்கம், பதற்றம் இரண்டிலும் பெண்களின் சராசரி கொஞ்சம் மேலே. எவ்வளவு மேலே என்பதுதான் விஷயம்.

உளவியலில் இதை 'டி' என்ற அளவால் சொல்கிறோம். இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்ற அளவால்) வகுத்தால் வருவது. குண வேறுபாட்டில் டி 0.5 வந்தாலே பெரிய சங்கதி. அந்த 0.5க்கு இரண்டு வளைகோடுகளும் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும். கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் பிடித்தால் அந்தப் பெண்ணின் மதிப்பெண் கூடுதலாக இருக்க வாய்ப்பு 100க்கு 64. மீதி 36 தடவை தலைகீழ். உயரத்தில் டி ஏறக்குறைய 2. அங்கே படிவது மூன்றில் ஒரு பங்குதான். அப்படியிருந்தும் குட்டையான ஆணை யாரும் பெண் என்பதில்லை. உயரத்துக்குக் காட்டும் தாராளத்தைக் குணத்துக்குக் காட்டுவதில்லை.

2005இல் உளவியலாளர் ஜேனட் ஹைட் 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுபவை) ஒன்றாக வைத்துப் பார்த்தார். கிடைத்த வேறுபாடுகளில் 78 சதவீதம் சிறியவை அல்லது பூஜ்ஜியத்தை ஒட்டியவை. பந்தெறியும் வேகம் போன்ற சிலவற்றில் மட்டும் பெரிய இடைவெளி.

ஆகவே குணத்தை வைத்துத் தனி ஒருவரின் பாலை ஊகிப்பதே தள்ளாட்டம். அடையாளத்தை ஊகிப்பது அதைவிட மோசம்.

ஐயன்பேட்டை

இங்கே ஒரு தடை. ஒவ்வொரு குணமாகப் பார்த்தால் சிறிய வேறுபாடுதான். சேர்த்துப் பார்த்தால்? 2012இல் டெல் ஜூடிச்சே குழு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் 15 குணக்காரணிகளை ஒன்றாகக் கணக்கிட்டபோது படிதல் 10 சதவீதம்தான் வந்தது. அதை ஏன் சொல்லவில்லை?

அடுத்தது பெரிய கேள்வி. உடலும் அடையாளம் இல்லை, குணமும் அடையாளம் இல்லை என்றால் அப்புறம் என்னதான் மிச்சம்? "நான் பெண் என்று உணர்கிறேன்" என்பவர் எதை உணர்கிறார்? பதில் 'உணர்வையே உணர்கிறார்' என்றால் அது வட்டம் சுற்றுவது.

மனக்கணக்கு

முதல் தடை நியாயமானது. ஆனால் அந்த 15 காரணிகளில் 'மென்னுணர்வு' என்ற ஒன்றே பெரும் பங்கைத் தூக்குகிறது. அதை எடுத்துவிட்டால் இடைவெளி நன்றாகவே குறையும். அளவீட்டுப் பிழையைக் கணக்கால் நீக்கிய பிறகு வந்த எண் அது என்பதும் நினைவிருக்கட்டும். கேள்வித்தாளில் நேரடியாக விழும் மதிப்பெண்ணில் அவ்வளவு பிளவு தெரியாது.

சரி, 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். குணத்தை மட்டும் பார்த்து 'பெண்' பக்கம் கணினி தள்ளிய ஆண்கள் யார்? ஏறக்குறைய எல்லோருமே தங்களை ஆண் என்று எந்தக் குழப்பமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு ஆணாக வாழ்பவர்கள். குண வரைபடம் எவ்வளவு கூர்மையானாலும் அது சொல்வது குணத்தைப் பற்றித்தான்.

இரண்டாவது கேள்வியைச் சுரப்பி எடுத்தால் நல்லது. அவர் கையில் இருப்பது கனமான ஆதாரம்.

சுரப்பி

மிச்சம் என்ன என்று கேட்டால், மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கிற இடங்களைக் காட்டுவதுதான் நல்ல பதில்.

பிறவி அட்ரீனல் மிகைப்பு. 21-ஹைட்ராக்ஸிலேஸ் நொதி இல்லாததால் அட்ரீனல் சுரப்பி ஆண்ட்ரோஜனைக் கொட்டுகிறது. 46,எக்ஸ்எக்ஸ் குழந்தை கருவிலேயே அதில் நனைகிறது, வெளியுறுப்பு ஆண் பக்கம் சாய்ந்து பிறக்கும். இந்தச் சிறுமிகளின் விளையாட்டு விருப்பம் பையன்கள் பக்கம் தெளிவாக நகர்கிறது. வண்டி, கட்டுமானப் பொம்மை, முரட்டு ஆட்டம். பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு இது. ஆனால் அடையாளம்? பெண்ணாக வளர்க்கப்பட்ட 250 பேரை 2005இல் டெசன்ஸ் குழு தொகுத்துப் பார்த்தது. அடையாளத்தில் கடும் சிக்கல் இருந்தது 13 பேருக்கு. அதாவது ஹார்மோன் குணத்தை நகர்த்தியது, பெரும்பாலோரின் அடையாளத்தை நகர்த்தவில்லை. அதே நேரம் 13 என்பது பூஜ்ஜியமும் இல்லை.

எதிர்த்திசையில் ஒன்று. டொமினிகன் குடியரசில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடுள்ள 46,எக்ஸ்ஒய் குழந்தைகள் பெண்ணாக வளர்க்கப்பட்டார்கள். பருவத்தில் குரல் உடைந்து, தசை ஏறி, ஆணுறுப்பு வளர்ந்தது. இம்பெராட்டோ-மெக்கின்லி குழு 1979இல் எழுதியபடி, ஐயமில்லாமல் பெண்ணாக வளர்க்கப்பட்ட 18 பேரில் 17 பேர் ஆண் அடையாளத்துக்கு வந்தார்கள். ஊரே அந்த நிலையை அறிந்திருந்தது, ஆணாக வாழ்வதில் அங்கே ஆதாயம் அதிகம் என்ற விமர்சனமும் உண்டு. அதையும் எழுதுங்கள்.

மூன்றாவது, குளோயக்கல் எக்ஸ்ட்ரோஃபி என்ற அரிய பிறவிக்கோளாறு, அடிவயிறு மூடாமல் சிறுநீர்ப்பையும் குடலும் வெளியே திறந்திருக்கும். 46,எக்ஸ்ஒய், விரை இயல்பு, ஆணுறுப்பு உருவாகியிருக்காது. அந்தக் காலத்தில் விரையை எடுத்துவிட்டுப் பெண்ணாக வளர்ப்பது வழக்கம். 2004இல் ரைனர், கியர்ஹார்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வில் அப்படி ஒதுக்கப்பட்ட 14 பேரில் 8 பேர் பின்னாளில் தங்களை ஆண் என்று அறிவித்தார்கள். மீதிப் பேர் எல்லோரும் அறிவிக்கவில்லை என்பதும் அதே ஆய்வுதான்.

கடைசியாக இரண்டு நபர்கள். கைக்குழந்தைப் பருவத்தில் முன்தோல் நீக்கும்போது மின்கருவியால் உறுப்பு எரிந்துபோன இரண்டு ஆண் குழந்தைகள், இரண்டும் கனடாவில். இருவரையும் பெண்ணாக்கி வளர்த்தார்கள். ஒருவர் டேவிட் ரீமர். அப்படி வளர்க்கச் சொன்ன உளவியலாளர் ஜான் மணி இதை வெற்றி என்று பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருக்க, பதின்வயதில் உண்மை தெரிந்ததும் அவர் ஆணாக வாழத் திரும்பினார். 1997இல் டயமண்டும் சிக்மண்ட்சனும் அதை வெளிப்படுத்தினார்கள். இன்னொருவரின் நிலையை 1998இல் பிராட்லி குழு பதிவுசெய்தது. 26 வயதில் அவர் தன்னைப் பெண் என்றே சொன்னார். ஆனால் சிறுவயதில் பையன்களோடு பையனாக விளையாடியவர், ஆண்களே நிறைந்த தொழிலில் இருந்தவர், ஈர்ப்பு இருபாலர் மீதும். குரோமோசோம், பிறப்புக்கு முந்தைய ஹார்மோன், விபத்து, வளர்ப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்று. முடிவு வேறு. ஐயன்பேட்டை அவர்களே, இரண்டாமவரிடம் உடல் ஒரு பக்கம், குணம் ஒரு பக்கம், அடையாளம் ஒரு பக்கம் நிற்கிறது. மிச்சம் எதுவும் இல்லையென்றால் இப்படிப் பிரிந்து நிற்க முடியாது.

ஐயன்பேட்டை

பிரிந்து நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அது என்ன என்பதற்கு இன்னும் வரையறை வரவில்லை. மூளை ஸ்கேனில் தெரியும் என்கிறார்களே?

சுரப்பி

தெரியாது. 1995இல் ஆம்ஸ்டர்டாம் குழு மூளையின் ஒரு சிறு நரம்புக்கரு (நரம்புச் செல்களின் திரள்) திருநங்கையரிடம் பெண்களின் அளவில் இருந்ததாக எழுதியது. பார்த்தது ஆறு மூளைகள், எல்லோரும் ஹார்மோன் எடுத்தவர்கள். 2002இல் அதே நாட்டுக் குழு, அந்த நரம்புக்கருவில் ஆண் பெண் அளவு வேறுபாடு வயதுவந்த பிறகுதான் தோன்றுகிறது என்று காட்டியது. பலரும் ஐந்து வயதிலேயே அடையாளத்தைச் சொல்கிறார்கள், ஆகவே அந்த நரம்புக்கருவைக் காரணமாகச் சொல்ல முடியாது. 2015இல் டாஃப்னா ஜோயல் குழு 1400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களைப் பார்த்து, எல்லாக் கூறும் ஒரே பக்கம் சாய்ந்த மூளை மிக அரிது என்றது. குழுச் சராசரி வேறுபாட்டை யாரும் மறுக்கவில்லை. உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் அடையாளத்தைச் சொல்லும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. "மூளை மேப்பிங்" என்று காசு பிடுங்குகிறவர்களிடம் பெற்றோரை அனுப்பாதீர்கள்.

வாசல்படி

வரையறை நான் தருகிறேன், ஐயன்பேட்டை. தன்னை எந்தப் பாலினத்தவராக ஒருவர் தொடர்ந்து, நிலையாக அறிகிறாரோ அதுவே பாலின அடையாளம். ஆதாரம் அவருடைய வாக்குமூலமும் அதன் நிலைத்தன்மையும். இடதுகைப் பழக்கம் மாதிரி: ரத்தத்தில் தெரியாது, கையெழுத்தின் அழகில் தெரியாது, அடித்துத் திருத்தினால் வலதுகையால் எழுதுவார், இடதுகைக்காரராகவே இருப்பார்.

இனி அந்த எட்டாம் வகுப்புப் பையன். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 (2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது) இதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துப் பாலியல் நலப் பகுதியில் 'பாலின இசைவின்மை' (அடையாளமும் பிறப்பில் பதிவான பாலும் ஒத்துப்போகாத நிலை) என்று வைத்தது. அதில் ஒரு வரி உங்கள் வகுப்புக்கு அப்படியே பயன்படும்: மாறுபட்ட நடத்தையும் விருப்பமும் மட்டுமே இருந்தால் அந்த முடிவுக்கு வரக் கூடாது. பருவத்துக்கு முந்தைய குழந்தை என்றால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும். அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்-5 குழந்தைக்கு எட்டில் ஆறு அறிகுறி கேட்கிறது. அதிலும் "நான் வேறு பாலினம்" என்ற வலுவான ஆசையோ பிடிவாதமோ கட்டாயம். பொம்மை, உடை, தோழிகள் என்று மற்றதெல்லாம் இருந்தும் இது இல்லையென்றால் கணக்கில் சேராது.

ஆலோசகர் நடைமுறையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில், அனுப்பியது யார், யாருக்குத் தொந்தரவு என்று பாருங்கள். பையனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, வகுப்பாசிரியருக்குத்தான் உறுத்துகிறது என்றால் பேச வேண்டியது வகுப்பாசிரியரிடம். பையனுக்குத் தொந்தரவு என்றால் அது எங்கிருந்து வருகிறது? "நடையைப் பார்த்துச் சிரிக்கிறாங்க" என்பது கேலி. கேலியை நிறுத்துவது பள்ளியின் வேலை. "குரல் உடையுதே, மீசை வருதே, பாக்கவே பிடிக்கல" என்பது உடல்மீதான உளைச்சல். இரண்டும் ஒரே பையனிடம் இருக்கலாம், ஆனால் தனித்தனியாகக் கேட்டால்தான் வெளிவரும்.

கேட்கலாம்: "யாருமே உன்னைக் கிண்டல் பண்ணாத ஊர்ல இருந்தா, உனக்கு என்ன மாறணும்?" ஒன்றும் மாற வேண்டாம் என்பவன் வேறு, உடம்பு மாறணும் என்பவர் வேறு. "உன்னை எப்படிக் கூப்பிட்டா நல்லாருக்கும்?" இதையும் கேட்கலாம். பதில் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேட்கக் கூடாது: "நீ பையனா பொண்ணா?" (இரண்டில் ஒன்றைச் சொல்லித் தப்பிப்பான்), "உனக்குப் பசங்களைப் பிடிக்குமா?" (அது ஈர்ப்பு, வேறு விஷயம்), பிறப்புறுப்பு பற்றிய எதுவும். வீட்டுக்குச் சொல்வதற்கு முன் அவனிடம் சொல்லுங்கள். வீட்டில் அடி விழுந்து, படிப்பு நின்று, வீட்டை விட்டு ஓடியது வரை போன சங்கதிகளின் தொடக்கம் பலமுறை ஆசிரியர் போட்ட ஒரு போன்தான்.

தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. மென்மையான பையனைப் பார்த்ததும் "நீ திருநங்கையா இருக்கலாம்" என்று எடுத்துக்கொடுப்பது ஒன்று. கிரிக்கெட் ஆடுகிற, அதட்டிப் பேசுகிற திருநங்கையைப் பார்த்து "இவ எப்படிப் பொண்ணு" என்பது மற்றொன்று. வேர் ஒன்றுதான், குணத்தை வைத்து அடையாளத்தை அளப்பது. சேலை கட்டி, பூ வைத்து, குனிந்து பேசினால்தான் சிகிச்சைக்குக் கடிதம் தருவேன் என்ற மருத்துவர்களால்தான் அப்படி நடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு அதையே காட்டி "பெண்மை என்றால் இவர்களுக்கு வெறும் அலங்காரம்" என்று எழுதுகிறார்கள். என்ன நியாயமோ.

கரிசல்

"ஹார்மோன் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சுடும்ல" என்று கேட்காத பெற்றோர் இல்லை. குரோமோசோம் பரிசோதனைக்கே அனுப்பிவிடுகிற இடங்களும் உண்டு. எப்போது எடுக்க வேண்டும், எப்போது வேண்டாம்?

சுரப்பி

அடையாளத்தைத் தெரிந்துகொள்ள என்றால் எப்போதும் வேண்டாம். திருநங்கையர், திருநம்பியரில் பெரும்பாலோருக்குக் குரோமோசோம் பிறப்பில் பதிவான பாலுக்கு ஏற்றபடிதான் இருக்கும். ஹார்மோன் அளவும் அப்படியே. "ரிப்போர்ட் நார்மல், அதனால நடிக்கிறான்" என்ற முடிவுக்குத்தான் அந்தக் காகிதம் பயன்படும்.

உடல் காரணத்துக்கு எடுக்க வேண்டிய இடங்கள் உண்டு. பிறந்த குழந்தையின் உறுப்பு தெளிவாக இல்லை, அல்லது ஆண் என்று நினைத்த குழந்தையின் இரண்டு விரையும் கைக்குத் தட்டுப்படவில்லை. பெண் குழந்தைக்கு வரும் தொடையிடுக்குக் குடலிறக்கத்தில் சுரப்பி இருக்கிறது. 15 வயதாகியும் பூப்படையவில்லை, அல்லது 13 வயதாகியும் மார்பு வளர்ச்சியே இல்லை. முதல் வகை அவசரம். அட்ரீனல் மிகைப்பில் உப்பு வீணாகும் வகை என்றால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் வாந்தி, நீரிழப்பு, சோடியம் இறக்கம், பொட்டாசியம் ஏற்றம், மரணம். ரத்தத்தில் 17-ஓஎச் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அளவைப் பார்க்க வேண்டும். பிறந்த முதல் நாளிலேயே எடுத்தால் இயல்பான குழந்தைக்கும் கூடுதலாகக் காட்டும், அதனால் 48 மணி நேரம் கழித்து எடுப்பது வழக்கம். எலக்ட்ரோலைட்டை (சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளை) தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குரோமோசோம் பரிசோதனைக்கு ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாயில் ரத்தம். ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் செல் வளராமல் போகலாம், மறுபடி ஊசி. சாதாரணமாக 20 செல் எண்ணுவார்கள். சில செல் 45,எக்ஸ், சில 46,எக்ஸ்ஒய் என்ற கலவை இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள், அதிக செல் எண்ண வேண்டும்.

மருந்துக்கடையில் தானே கருத்தடை மாத்திரை வாங்கி மூன்று நான்காக விழுங்கும் இளம் திருநங்கையர் பற்றியும் வகுப்பில் சொல்லுங்கள். அதிலுள்ள எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் காலில் ரத்தக்கட்டி உண்டாக்கும், நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். மார்பு வளர்ச்சி முழுமையாக இரண்டு மூன்று வருடம் ஆகும், மாத்திரையைக் கூட்டினால் அந்தக் காலம் குறையாது. உடைந்த குரல் எந்த ஈஸ்ட்ரோஜனாலும் திரும்பாது. திருநம்பியருக்கு: டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை ஆகாது, மாதவிலக்கு நின்றிருந்தாலும் கரு தரிக்கலாம். சிவப்பணு விகிதம் ஏறுகிறதா என்று முதல் வருடம் சில மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

கரிசல்

விளையாட்டு விவகாரத்தைச் சேர்க்கலாமா? புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் பெயரை வகுப்பில் யாராவது எடுப்பார்கள்.

மனக்கணக்கு

சேருங்கள், கவனமாக. 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் வெள்ளி வென்றார், பால் பரிசோதனை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் தன்னைப் பெண் என்றே அறிந்து வாழ்பவர். அங்கே கேள்வி உடலைப் பற்றியது, அடையாளத்தைப் பற்றியது இல்லை. பத்திரிகைகள் இரண்டையும் போட்டுக் குழப்பின. அவருடைய மருத்துவ விவரத்தை ஊகித்து வகுப்பில் அலச வேண்டாம்.

எண் வேண்டுமென்றால் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் இருக்கிறது. 3387 வீராங்கனைகளில் எட்டுப் பேருக்கு ஒய் சார்ந்த மரபுப்பொருள் தென்பட்டது. எட்டுப் பேரையும் ஆட விட்டார்கள். அதன்பின் அந்தப் பொதுப் பரிசோதனையே கைவிடப்பட்டது. இப்போது உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் 1 முதல் பெண்கள் பிரிவுக்கு எஸ்ஆர்ஒய் பரிசோதனையைக் கொண்டுவந்திருக்கிறது. ஓட்டப்பந்தயத்தில் யார் எந்தப் பிரிவு என்பது டெஸ்டோஸ்டிரோன் தரும் உடல் ஆதாயம் பற்றிய கேள்வி. அதற்கு எந்த விடை சரியென்று பட்டாலும் பள்ளியில் ஒரு பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்பதற்கு அது விடை ஆகாது.

வாசல்படி

சட்டத்தில் இரண்டு போதும். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் (நால்சா எனும் தேசிய சட்டப் பணிகள் ஆணைய வழக்கு) அடையாளத்தை ஒருவரே தீர்மானிக்கலாம், அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றது. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை, திருநங்கை ஒருவரின் திருமணப் பதிவு வழக்கில், இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையில்லாத உறுப்புத் திருத்த அறுவை கூடாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு அரசாணை போட்டது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. இடைப்பாலினம் என்பது உடல் அமைப்பு, திருநர் என்பது அடையாளம். இரண்டையும் ஒரே கட்டத்தில் போடாதீர்கள். அடையாள அட்டை நடைமுறை மாறிக்கொண்டே இருப்பதால் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐயன்பேட்டை

'தொடர்ந்து, நிலையாக அறிவது' என்ற வரையறையை வேலைக்கு ஆகும் என்ற அளவில் ஏற்கிறேன். அது எப்படி உண்டாகிறது என்பதற்கு விடை வந்துவிட்டதாக மட்டும் குறிப்பில் எழுதாதீர்கள். சுரப்பி கொடுத்த ஆதாரத்தில் உயிரியலுக்கும் பங்கு தெரிகிறது, அதனால் முடிவு ஆகவில்லை என்றும் தெரிகிறது.

தெற்குமாசி (இழை தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. பொம்மைப் படத்தை எடுத்துவிட்டேன், சுரப்பியின் நான்கு எடுத்துக்காட்டுகளையும் அட்டவணையாகப் போடுகிறேன். கடைசியாக ஒன்று. ஆலோசனைப் பதிவேட்டில் 'ஆண் / பெண் / மூன்றாம் பாலினம்' என்று ஒரே வரி இருக்கிறது. எப்படி மாற்றுவது?

வாசல்படி

இரண்டு வரியாகப் பிரியுங்கள். "பிறப்பில் பதிவான பால்" ஒன்று, "இப்போது தன்னை எப்படிச் சொல்கிறார்" ஒன்று. இரண்டாவதில் டிக் கட்டம் வேண்டாம், அவர் சொன்ன சொல்லையே எழுத இடம் விடுங்கள், "சொல்ல விரும்பவில்லை" என்பதையும் சேருங்கள். தேதி போடுங்கள், அடுத்த சந்திப்பில் மாறினால் பழையதை அடிக்காமல் புது வரி எழுதுங்கள். 'நடத்தை: பெண் தன்மை' என்று யாரோ பென்சிலால் எழுதுகிற குறிப்புப் பத்திக்கு அந்தப் பக்கத்தில் இடமே இருக்கக் கூடாது. பதிவேடு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், தலைமையாசிரியர் மேசையில் வேண்டாம்.